1780-இன் இருண்ட நாளும் யாரும் காணாத காட்டுத்தீயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1780 மே 19, வெள்ளிக்கிழமை. வட அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்தில் நியூ இங்கிலாந்து என்று வழங்கும் பகுதியில், நண்பகலில் விளக்கேற்ற வேண்டிய அளவுக்கு இருள் கவிந்தது. அதற்குக் காரணமான காட்டுத்தீயை நேரில் பார்த்ததாக எழுதப்பட்ட குறிப்பு ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. அப்படிப்பட்ட ஒரு தீயின் வரலாற்றை நாட்குறிப்புகள், மழைநீர்த் தொட்டிகள், மரத் தழும்புகள் ஆகியவற்றிலிருந்து எவ்வாறு கோத்தெடுக்கிறார்கள் என்பது குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

அன்று நடந்தது என்ன?

அதற்கு முந்தைய சில நாட்களாகவே வானம் மஞ்சளித்து, சூரியனும் சந்திரனும் சிவந்து தெரிந்தன. 19-ஆம் தேதி காலையில் மேற்கிலிருந்து ஓர் இருள் நகர்ந்து வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் தொடங்கிய இருட்டு, பிற்பகல் 12.45 அளவில் உச்சத்தைத் தொட்டது. மதிய உணவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உண்டார்கள். கோழிகள் கூண்டடைந்தன, இப்ஸ்விச் என்ற ஊரில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தவளைகள் அந்தி வந்துவிட்டதாக எண்ணிக் கத்தத் தொடங்கின, சேவல்கள் கூவின. மெயின் பகுதியின் கடற்கரையிலிருந்து தெற்கே நியூ ஜெர்சி வரை இருள் ஏதோ ஓர் அளவில் உணரப்பட்டது, ஆனால் பென்சில்வேனியாவை அது எட்டவில்லை. நள்ளிரவுக்குப் பிறகே வானம் தெளியத் தொடங்கியது.

அது சூரிய கிரகணமாக இருந்திருக்கலாம் அல்லவா?

இருக்க முடியாது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும் என்பது பஞ்சாங்கம் பார்க்கும் எவருக்கும் தெரியும். 1780 மே 18 முழுநிலவு நாள். ஆகவே இருள் கவிந்தது பௌர்ணமிக்கு மறுநாள். மேலும், முழுக் கிரகணத்தின் இருள் ஓரிடத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்காது. இதுவோ பல மணிநேரம் நீடித்தது.

அக்காலத்துக் கற்றோருக்கும் இது தெரிந்தே இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27-இல் வரவிருந்த முழுச் சூரிய கிரகணத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, ஹார்வர்டு பேராசிரியர் சாமுவேல் வில்லியம்ஸ் தலைமையில் ஒரு குழு, அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோதும் ஆங்கிலேயர் பிடியிலிருந்த, மெயின் கரையோரத்துப் பெனோப்ஸ்காட் விரிகுடாப் பகுதிக்கே சென்றது. போய்ச் சேர்ந்த இடம் முழு மறைப்பின் பாதைக்குச் சற்று வெளியே அமைந்துவிட்டது அவர்களுடைய கெட்ட நேரம். எப்படியாயினும், வானியலில் இந்த அளவு தேர்ந்திருந்தவர்கள் மே மாத இருளைக் கிரகணம் என்று மயங்கவில்லை என்பதைக் கவனத்தில் வைப்பது நல்லது. அவர்களை அஞ்ஞானிகளாகச் சித்திரிக்கும் பிற்காலக் கட்டுரைகள் பல உள்ளன.

இவ்வளவு பெரிய தீ எரிந்திருந்தால், அதைப் பற்றி ஒருவரும் எழுதாமல் இருந்தது எப்படி?

எழுதும் வழக்கமுள்ளவர்கள் தீயின் அருகில் இல்லை என்பதே நேரடியான விடை. தீ எரிந்ததாகக் கருதப்படும் நிலம், அதாவது இன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணமாக இருக்கும் பகுதியின் உட்புற மேட்டுநிலம், 1780-இல் ஆங்கிலேயரின் கியூபெக் மாகாணத்துக்கு உட்பட்டதாக வரைபடத்தில் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் அல்கோன்குவின் உள்ளிட்ட அனிஷினாபே பழங்குடி மக்கள். அவர்களுடைய நினைவு வாய்மொழியில் நின்றது. நாட்குறிப்பாகவும் செய்தித்தாளாகவும் பதிவாகவில்லை. ஐரோப்பியக் குடியேறிகள் அப்பகுதியின் தெற்கு விளிம்பில் பெருமளவில் வந்து சேர்ந்ததே 1783-க்குப் பிறகுதான்.

இரண்டாவது காரணம் போர். புகை கிளம்பிய நிலம் ஆங்கிலேயரிடம். புகை போய்ச் சேர்ந்த நிலம் அவர்களை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த காலனிகளிடம். இருண்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னர், மே 12 அன்று, தெற்கே சார்ல்ஸ்டன் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. இந்நிலையில் எல்லைக்கு அப்பால் காடு எரிந்ததா என்று கேட்டுக் கடிதம் எழுதவும் அதற்குப் பதில் பெறவும் வழி ஏது?

அப்படியானால் எழுத்துச் சான்றுகள் எவை? அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

தீயைப் பற்றி இல்லை. இருளைப் பற்றி ஏராளமாக உள்ளன. அவற்றைப் படிக்கும்போது, எழுதியவர் தம் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, தாமாக ஊகித்தது எது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த வரலாற்றில் பெரும்பாலான குழப்பம் அம்மூன்றையும் ஒன்றாகக் கலந்ததால் வந்தது.

முதல் இடம் மேலே சொன்ன சாமுவேல் வில்லியம்ஸுக்கு. அவர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். வானிலையை நாள்தோறும் குறித்து வந்தவர். பல ஊர்களிலிருந்து நேரம், காற்று, வானத்தின் நிறம், மழை ஆகியவை பற்றிய தகவல்களைத் திரட்டி, அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்தின் முதல் தொகுதியில் 1785-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கழகம் நிறுவப்பட்டது 1780 மே 4 அன்று, அதாவது இருள் வருவதற்குச் சரியாகப் பதினைந்து நாட்களுக்கு முன். ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதும் வானமே ஒரு கேள்வியைக் கொண்டுவந்து கொடுத்தது போல இது அமைந்துவிட்டது.

நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டரில் இருந்த சாமுவேல் டென்னி, 1785-இல் எழுதிய கடிதத்தில் அன்றிரவின் இருட்டை விவரிக்கிறார். கண்ணுக்குச் சில அங்குல தூரத்தில் பிடித்த வெள்ளைக் காகிதமும் கறுப்பு வெல்வெட்டுத் துணியும் ஒன்றுபோலவே கண்ணுக்குப் புலப்படாமல் இருந்தன என்பது அவர் தரும் அளவுகோல். ஒளியை அளக்கும் கருவி எதுவும் கையில் இல்லாத காலத்தில் இதைவிடத் துல்லியமாக இருட்டை அளக்க முடியாது. ஐந்தாண்டு கழித்து எழுதப்பட்டது என்பதால் மணிக்கணக்கில் அவருடைய நினைவு பிசகியிருக்கலாம். காகிதத்தையும் வெல்வெட்டையும் பற்றிய கூற்றில் பிசக வாய்ப்புக் குறைவு.

ஜார்ஜ் வாஷிங்டன் அப்போது நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுனில் தம் படையுடன் முகாமிட்டிருந்தார். அவருடைய வானிலைக் குறிப்பில், மே 18 அன்று வழக்கத்துக்கு மாறான கனத்த மேகங்களும், இருளோடு கலந்த செந்நிற ஒளியும், மாறி மாறி வெளுப்பதும் கறுப்பதுமாகப் பிற்பகல் வரை நீடித்ததாகப் பதிவாகியுள்ளது. என் பார்வையில் இது மிகவும் மதிப்புள்ள சான்று. நிகழ்ச்சி புகழ்பெறுவதற்கு முன்பே, அதுவும் அன்றன்றைக்கு எழுதப்பட்டது. எழுதியவர் எதையும் நிறுவ முயலவில்லை.

கனெக்டிகட்டின் ஆபிரகாம் டேவன்போர்ட் கதை இதற்கு நேர் எதிர். ஹார்ட்ஃபோர்டில் கூடியிருந்த அவை இறுதித் தீர்ப்பு நாள் வந்துவிட்டதோ என்று கலைய முற்பட்டபோது, "தீர்ப்பு நாள் வரவில்லையென்றால் கலையக் காரணமில்லை, வந்துவிட்டதென்றால் என் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே அது என்னைக் காணட்டும், மெழுகுவர்த்திகளைக் கொண்டுவாருங்கள்" என்ற பொருள்பட அவர் பேசியதாகச் சொல்வார்கள். அருமையான பேச்சுதான்; பின்னர் 1866-இல் ஒரு புகழ்பெற்ற கவிதைக்கும் கருவாயிற்று. ஆனால் தீயைத் தேடுகிறவருக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை: எந்த மணிக்கு இருண்டது, காற்று எங்கிருந்து வீசியது, நாற்றம் எத்தகையது என்ற மூன்றில் ஒன்றையும் அது சொல்லவில்லை.

காரணம் புகைதான் என்று அக்காலத்தவர் அறிந்திருந்தார்களா?

பலர் அறிந்திருந்தார்கள், அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார்கள். வீட்டு வெளியில் மழைநீர் பிடிக்க வைத்த தொட்டிகளில், நீரின் மேல் மெல்லிய ஆடை ஒன்று படர்ந்திருந்தது. அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தவர்கள், எரிந்த இலைகளின் கரிய சாம்பலே என்று எழுதினார்கள். காற்றில் புகைக்கரி நாற்றம் கடுமையாக இருந்ததாகவும் குறிப்புகள் உள்ளன. எரிமலைச் சாம்பலாக இருந்திருந்தால் விரலில் நறநறவென்று மணல் போல் உறுத்தும். விரலைக் கறுப்பாக்கி வழுக்கிக்கொண்டு போகும் கரி வேறு.

குடியேறிகள் விளைநிலத்துக்காகக் காட்டை வெட்டி எரிப்பது அன்று வழக்கமாக இருந்ததால், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் பகுதிகளில் எரித்த காடுகளின் புகையே குவிந்தது என்று பலர் முடிவுகட்டினார்கள். இங்கேதான் கண்டதும் ஊகித்ததும் கலந்தன. புகை என்பது கண்ட உண்மை. பக்கத்துக் காட்டுப் புகை என்பது, தங்களுக்குத் தெரிந்த காடுகளை வைத்து அவர்கள் செய்துகொண்ட ஊகம்.

புகை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்?

வெவ்வேறு ஊர்களில் இருள் தொடங்கிய நேரங்களை வரைபடத்தில் குறித்தாலே ஒரு சித்திரம் கிடைத்துவிடும். நியூ யார்க் எல்லையை ஒட்டியுள்ள வெர்மான்டின் ரூபர்ட் ஊரில், சூரியன் உதிக்கும்போதே மறைந்திருந்தது. கேம்பிரிட்ஜில் 10.30 அளவில் இருண்டது. கேப் காட் தீபகற்பத்திலுள்ள பார்ன்ஸ்டபிளில் பிற்பகல் 2 மணிக்கு வந்து, மாலை 5.30-க்கு உச்சமடைந்தது. ஆக, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு திரை நகர்ந்திருக்கிறது.

கேம்பிரிட்ஜிலிருந்து பார்ன்ஸ்டபிள் நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்தில் அத்தூரத்தைக் கடந்தது என்றால் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் சுமாராக வருகிறது. ரூபர்ட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் 200 கிலோமீட்டர்; மே மாதத்தில் அங்கே காலை நாலரை மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று கொண்டால், ஆறு மணி நேரத்தில் கடந்ததாகி, மணிக்கு 33 கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. ரூபர்ட்டை இருள் எட்டியது உதயத்துக்கு முன்பேயாகவும் இருக்கலாம் என்பதால், இந்த இரண்டாம் எண்ணை மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

இந்த வேகத்தைப் பின்னோக்கிச் செலுத்தினால், ஏறத்தாழ ஒரு நாள் பயணத்தில், கேம்பிரிட்ஜிலிருந்து 700 கிலோமீட்டர் வடமேற்கே, ஒன்டாரியோவின் அல்கோன்குவின் மேட்டுநிலத்தை அடைகிறோம். இதை ஒரு நிரூபணமாக நான் முன்வைக்கவில்லை. காற்று நேர்கோட்டில் வீசுவதில்லை. ஒவ்வோர் ஊரின் கடிகாரமும் அந்தந்த ஊரின் உச்சிவெயிலுக்கு ஏற்ப வைக்கப்பட்டிருந்தது. 'இருண்டது' என்று ஒருவர் எழுதுவது அவர் எப்போது விளக்கேற்றினார் என்பதைப் பொறுத்தது. உச்ச இருளின் நேரங்களை எடுத்துக்கொண்டால் கணக்கு உடனே தடுமாறுகிறது. கேம்பிரிட்ஜுக்கு மேற்கே 43 கிலோமீட்டரில் உள்ள வெஸ்ட்பரோவில் உச்சம் 12 மணி என்கிறார் அவ்வூர்ப் போதகர். அதன்படி வேகம் இரட்டிப்பாகிவிடும். அந்தந்த இடத்து மேகத்தின் கனம் உச்ச நேரத்தை மாற்றிவிடும் என்பதால், தொடக்க நேரமே நம்பத் தகுந்தது. எங்கே போய்த் தேட வேண்டும் என்று கைகாட்டுவது வரையில்தான் இந்தக் கணக்கின் வேலை.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய தீயின் தேதியை ஒரு மரம் எப்படிச் சொல்லும்?

தேக்குப் பலகையை இழைத்த தச்சர் எவரும் அதில் வரி வரியாக ஓடும் ரேகைகளைக் கண்டிருப்பார். ஆண்டுதோறும் மரம் போடும் வளர்வளையத்தின் வெட்டுத் தோற்றமே அது. கடுங்குளிர் நாடுகளில் வளர்ச்சி குளிர்காலத்தில் முற்றிலும் நின்றுவிடுவதால், இவ்வளையங்கள் இன்னும் தெளிவாக விழும். வசந்தத்தில் போடும் பகுதி வெளிறியும் அகன்றும் இருக்கும். கோடை முடிவில் போடும் பகுதி கருத்தும் இறுகியும் இருக்கும்.

தரையோடு தவழ்ந்து வரும் தீ, தடித்த பட்டையுள்ள பைன் மரத்தைக் கொல்லாமல், ஒரு பக்கத்தில் மட்டும் சுட்டுவிட்டுப் போகும். பட்டைக்கு உள்ளே உயிருள்ள மெல்லிய படலம் அந்த இடத்தில் இறந்துவிடுகிறது. சில ஆண்டுகளில் பட்டை உதிர்ந்து வெறும் மரம் வெளியே தெரியும். இருபுறமும் உயிரோடு இருக்கும் திசு, காயத்தை மூட முயன்று, உதடு மடிவது போல் உள்நோக்கிச் சுருண்டு வளரும். அடுத்த தீ வரும்போது அந்த இடத்தில் பட்டை மெலிந்தும் பிசின் கசிந்தும் இருப்பதால் மீண்டும் அங்கேயே சுடும். இப்படி ஒரே மரத்தில் பல தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும்.

ஆய்வாளர்கள் அப்பகுதியிலிருந்து ஓர் ஆப்புத் துண்டை அறுத்தெடுப்பார்கள். உப்புத்தாளால் கரடான நிலையிலிருந்து படிப்படியாக நுண்மையான நிலை வரை தேய்த்து, ஒவ்வோர் உயிரணுவும் தெரியும் அளவுக்கு மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வளையங்களை எண்ணுவார்கள். எண்ணுவது மட்டும் போதாது. வறட்சி மிக்க ஆண்டில் மரம் வளையமே போடாமல் விடும். சில ஆண்டில் ஒன்றுக்கு இரண்டாகப் பொய் வளையம் போடும். ஆகவே ஒரே வட்டாரத்தின் பல மரங்களில் அகன்ற வளையங்களும் குறுகிய வளையங்களும் வரும் வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வானியலாளர் ஏ. ஈ. டக்ளஸ் வளர்த்தெடுத்த முறை இது. இவ்வாறு பொருத்திய பிறகு ஒரு வளையத்தின் ஆண்டைத் தயக்கமின்றிச் சொல்லலாம். என்றோ செத்துப்போன அடிக்கட்டையைக்கூட உயிருள்ள மரத்தின் வரிசையோடு பொருத்திக் காலம் கணிக்கலாம்.

ஆண்டு தெரியும், மாதம் தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். தழும்பு வளையத்தின் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பருவத்தைச் சொல்லலாம். வெளிறிய பகுதியின் நடுவில் விழுந்தால் வளர்ச்சிக் காலத்தின் முற்பகுதி. கருத்த பகுதியில் விழுந்தால் கோடையின் இறுதி.

மே மாதத்து இடையில்தான் சிக்கல் வருகிறது. ஒன்டாரியோவின் குளிரில், மே நடுவில் பைன் மரம் அந்த ஆண்டின் வளையத்தைத் தொடங்கியும் இருக்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். தொடங்கவில்லையென்றால், தழும்பு முந்தைய வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோட்டில் விழும். அப்படி விழுந்த தழும்பு 1779 இலையுதிர்காலத்துத் தீயுடையதா, 1780 வசந்தத்தின் தீயுடையதா என்பதை அந்த ஒரு மரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவ்விடத்தில்தான் நாட்குறிப்புகள் மரத்துக்குக் கைகொடுக்கின்றன: புகை மே மாதத்தில் வந்தது என்பதை மனிதர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அல்கோன்குவின் பகுதியில் என்ன கிடைத்தது?

மிசூரி பல்கலைக்கழகத்தின் மரவளைய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள், ஒன்டாரியோவின் அல்கோன்குவின் மேட்டுநிலத்தில் 1780-ஆம் ஆண்டுக்குரிய தீத்தழும்புகளை இனங்கண்டு, நியூ இங்கிலாந்தின் எழுத்துச் சான்றுகளோடு இணைத்து, 2007-இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இந்த வட்டாரத்தின் தீ வரலாறு குறித்து ரிச்சர்டு கையெட், டேனியல் டே ஆகியோர் 1990-களிலேயே மரவளைய ஆய்வு நடத்தியிருந்தார்கள். இருண்ட நாளைத் தேடிப் போன பயணமாக அது தொடங்கவில்லை; காடு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தது என்ற பொதுவான கேள்விக்காகச் சேகரித்த மரத்துண்டுகளில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு தனித்து நின்றது. ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு தேடாததால், அச்சான்றின் மதிப்பு என்னைப் பொறுத்தவரை கூடுகிறது.

அதே சமயம், மரம் எதைச் சொல்கிறது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்த ஆண்டில் அந்த இடத்தில் தீ எரிந்தது என்று அது சொல்கிறது. அந்தத் தீயின் புகைதான் கேம்பிரிட்ஜை இருளாக்கியது என்பது, திசை, காலம், நாற்றம், மழைநீர்க் கரி ஆகிய அனைத்தையும் சேர்த்து நாம் எட்டும் முடிவு. 2007-இல் ஆய்வை வெளியிட்டவர்களும் அதை மிகவும் சாத்தியமான மூலம் என்ற அளவிலேயே முன்வைத்தார்கள்.

வெறும் புகை, பட்டப்பகலை இரவாக்கிவிடுமா?

புகை மட்டுமே என்றால் சூரியன் செம்பருத்திப் பூப்போலச் சிவந்து தெரியும், பொருள்கள் மஞ்சளாகத் தோன்றும். மே 19-க்கு முந்தைய நாட்களில் நடந்தது அதுதான். புகைத்துகள் நீல ஒளியைச் சிதறடித்துச் சிவப்பை மட்டும் ஊடுருவ விடுகிறது. 19-ஆம் தேதி அந்தப் புகையோடு தடித்த மழைமேகமும் சேர்ந்துகொண்டது. மேலே மேகம், அதனோடு கலந்து புகை என இரண்டடுக்குத் திரையைக் கடந்து வர ஒளிக்கு வழியில்லாமல் போயிற்று. இருள் உச்சத்தில் இருந்த பகுதிகளில் மழை தூறியதும், மழைநீரில் கரி வந்ததும் இதற்குப் பொருந்திவருகின்றன.

நியூ ஹாம்ப்ஷயரில் ஆறு அங்குலம் சாம்பல் படிந்தது என்பது உண்மையா?

அப்படி ஒரு செய்தி அக்காலத்திலேயே சொல்லப்பட்டது. நான் அதைச் சற்று விலக்கியே வைக்கிறேன். ஆறு அங்குலம் என்பது 15 சென்டிமீட்டர். கணுக்காலை மூடும் ஆழம். அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் பறந்து வந்த புகையில் நுண்துகளே எஞ்சியிருக்கும். கனமான சருகுக்கரியில் பெரும்பகுதி வழியிலேயே விழுந்துவிடும். காற்று அடித்து ஒரு மூலையில் குவித்த இடத்தை ஒருவர் அளந்திருக்கலாம். பக்கத்திலேயே ஒரு காடும் எரிந்திருக்கலாம். உள்ளூர்த் தீயும் தொலைதூரத் தீயும் ஒரே வாரத்தில் எரிந்திருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. வறண்ட வசந்தத்தில் அது இயல்பும்கூட.

இதை உலக முடிவின் அறிகுறி என்று கருதியவர்கள்?

பலர். சூரியன் இருண்டு, சந்திரன் இரத்தமாக மாறும் என்ற விவிலிய வாசகம் நியூ இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஷேக்கர் என்ற சமயக் குழுவினர் தங்கள் போதனையை வெளியாருக்குத் திறந்துவிட்ட நாளாக மே 19-ஐ நினைவுகூர்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அட்வென்டிஸ்ட் பிரிவினரும் அந்நாளை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். வரலாற்றாய்வாளர் இதற்காக நன்றி சொல்லவும் வேண்டும். இந்நாள் பற்றிய பழைய குறிப்புகளைத் தேடித் தேடி மறுபடி மறுபடி அச்சிட்டவர்களில் சமயப் பற்றாளர்கள் கணிசமானவர்கள்.

பிற்காலத்தில் இதுபோல் நடந்திருக்கிறதா?

1881 செப்டம்பர் 5-இல் மிச்சிகன் மாநிலத்தில் பெரும் காட்டுத்தீ எரிந்தது. மறுநாள் நியூ இங்கிலாந்து முழுவதும் மஞ்சளித்தது. தந்தி இருந்த காலம் ஆதலால், எங்கே எரிகிறது என்பதை அறிய இருநூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இதைவிட 1950-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஒப்பிடுவது பொருத்தம். மேற்குக் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆல்பர்ட்டாவிலுமாக சின்சாகா தீ ஜூன் மாதம் தொடங்கி இலையுதிர்காலம் வரை எரிந்து, பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் காட்டை அழித்தது. சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் எட்டாத தொலைவில் எரியும் தீயை அணைக்க முயல்வதில்லை என்பது அன்றைய ஆல்பர்ட்டாவின் நடைமுறை. செப்டம்பர் 24 அன்று ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் பகலில் தெருவிளக்குகள் எரிந்தன, கோழிகள் கூண்டடைந்தன, சிலர் கிரகணம் என்றும் சிலர் அணுகுண்டு என்றும் அஞ்சினார்கள். இரண்டு நாள் கழித்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி பிரிட்டனில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. விமானமும் வானொலியும் இருந்த காலத்திலேயே புகையைப் பார்த்தவர்கள் பல கோடி, தீயைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்ற நிலை இருந்திருக்கிறது.

ஏரியடிச் சேற்றிலுள்ள கரியை ஆராயக் கூடாதா?

ஆராயலாம், ஆராய்கிறார்கள். ஆனால் சேற்றின் படிவுகளைப் பொதுவாகப் பல ஆண்டுகள் அல்லது பத்தாண்டுகள் அளவிலேயே பிரித்தறிய முடிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒரு காடு எப்போதெல்லாம் அதிகம் எரிந்தது என்று அறிய அது சிறந்த வழி. 1780-ஐ 1778-இலிருந்து பிரித்துக் காட்ட மரமே வேண்டும்.

இன்று அங்கே போனால் அந்தத் தீயின் தடயத்தைப் பார்க்க முடியுமா?

அல்கோன்குவின் பகுதி 1893 முதல் மாகாணப் பூங்காவாக இருக்கிறது. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டில், பெரிய வெண்பைன் மரங்களைக் கோடரியால் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். 1780-ஐ வாழ்ந்து கடந்த மரங்களில் பெரும்பகுதி கப்பலேறிப் போயிற்று என்று சொன்னால் மிகையாகாது. மரத்தின் உச்சி வரை தாவி எரிந்த தீயும் தழும்பை விட்டுவைக்காது. தழும்பு என்பது பிழைத்த மரத்தில்தான் இருக்கும். கிடைத்த தழும்புகள், தீயின் கடுமை குறைந்த ஓரங்களையே நமக்குக் காட்டுகின்றன என்று கொள்ள இடமிருக்கிறது.

எஞ்சியுள்ள பழைய பைன் மரங்களிலும், பிசின் ஊறியதால் மட்காமல் நிற்கும் அடிக்கட்டைகளிலும் தரையை ஒட்டி, சரிவின் மேல்பக்கமாக, முக்கோண வடிவில் ஒரு குழிவு தெரியக்கூடும். உள்ளே கரி படிந்து, இரு ஓரமும் தடித்துச் சுருண்டிருந்தால் அது தீ உண்டாக்கியது. அது எந்த ஆண்டுத் தீ என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அனுமதி பெற்ற ஆய்வாளர் ஒரு துண்டை அறுத்து, தேய்த்து, பக்கத்து மரங்களோடு பொருத்திய பிறகே அந்தக் குழிவுக்கு ஓர் ஆண்டு கிடைக்கும்.